கரி செய்த வேலை

கேள்வி: நண்பர்களோடு ஹூக்கா பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்து, சில்லென்று வியர்த்து, வயிற்றைப் புரட்டி, கழிப்பறைக்கே ஓட வேண்டியதாயிற்று. புகையிலை சேராத மூலிகை ஹூக்கா, தண்ணீரில் வடிகட்டி வரும் புகை என்றார்கள். ஒவ்வாமையா?

பதில்: வந்துவிட்டதையா மூலிகை! இந்தச் சொல்லோடு நமக்கு உள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். எண்ணெய், பற்பொடி, சோப்பு என்று இது ஒட்டாத டப்பா இல்லை. ஊமத்தையும் மூலிகைதான், எட்டிக்காயும் மூலிகைதான். புகையிலை மட்டும் என்ன, தகரத்திலா விளைகிறது?

சரி, கிண்ணத்தில் துளசியையே போட்டார்கள் என்று வையுங்கள். மேலே எரிவது கரி அல்லவா? அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, அந்த ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சிலருக்கு மயக்கம் எல்லாம் அதன் கைவரிசை. கதவைச் சாத்திய அறையென்றால் புகைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் பங்கு உண்டு.

தண்ணீர் வடிகட்டாதா? அக்பர் அவையின் ஹக்கீம் (வைத்தியர்) ஒருவர் அப்படி நம்பித்தான் இதை உருவாக்கினார் என்று ஒரு கதை உண்டு. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. குமிழியோடு குமிழியாக மேலே வந்துவிடும். தண்ணீர் உருப்படியாகச் செய்வது புகையைக் குளிர வைப்பது. தொண்டை எரியாததால் நெஞ்சு நிறைய இழுக்கிறீர்கள். ஒரு சிகரெட்டில் 8 முதல் 12 இழுப்பு, மொத்தம் அரை லிட்டர் சொச்சம் புகை. ஹூக்காவில் ஒரு அமர்வுக்கு 50 முதல் 200 இழுப்பு, ஒவ்வொன்றும் 150 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் கழிப்பறை ஞாபகம் தானாக வரும்.

அந்தக் கழிப்பறை ஓட்டத்தில்தான் நமக்குச் சந்தேகம். குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, முகம் வெளிறுவது, விக்கல், குடல் முடுக்குவது எல்லாம் நிக்கோடின் மிஞ்சினால் வருகிறவை. வழக்கமாகப் பிடிப்பவருக்குப் பழகிப்போயிருக்கும், புதியவரைத்தான் புரட்டும். 'புகையிலை சேராத' டப்பாவின் அட்டையை இன்னொரு முறை படியுங்கள். உண்மையான ஒவ்வாமை என்றால் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், இளைப்பு என்று வேறு வழியில் வந்திருக்கும்.

இனி யாராவது அப்படிச் சரிந்தால் எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டு போங்கள். மயங்கினாலோ, குழறினாலோ, தலைவலி விடாவிட்டாலோ மருத்துவமனைதான். அங்கே 'ஹூக்கா பிடித்தார்' என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த வாயு ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஒன்றுதான். 98 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அந்த வாயு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.