மன்னித்த பிறகும் வழக்கு ஏன் முடியவில்லை?

கையை உடைத்த பக்கத்து வீட்டுக்காரரை மன்னித்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தும் வழக்கு நடக்கிறதே என்கிறீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானபின் அந்தக் கடிதம் மட்டும் போதாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 359இன்படி, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பி.என்.எஸ். சட்டத்தின் 115(2), அதாவது சாதாரணக் காயம் என்றால் காயம்பட்ட நீங்களே சமரசம் செய்யலாம். எலும்பு முறிவுக்கான 117(2)க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.

உங்களுக்கு முட்டுக்கட்டை 296(பி), அதாவது கெட்ட வார்த்தை. நம்மூர் அடிதடி வழக்குகளில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும் பிரிவு. சமரசப் பட்டியலில் இல்லை. கையை உடைத்ததை மன்னிக்கலாம், திட்டியதை முடியாது!

அதனால் பக்கத்து வீட்டுக்காரர் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528இன்கீழ் வழக்கை ரத்து செய்யக் கோரி மனு போடட்டும். சமரசப் பட்டியலில் இல்லாத குற்றமானாலும், இருவரும் சமாதானமானால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் கியான் சிங் தீர்ப்பு (2012) கைகொடுக்கும். நீங்கள் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்து, ஆதாருடன் நேரில் போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவைக் கூட்டுச் சமரச மனுவிலேயே தொகையோடு எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால், ரத்தானபின் வாங்குவது கஷ்டம்.