மினாமி தைத்தோ: பாறையும் பத்திரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் மினாமி தைத்தோ தீவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1900 வரை யாருமே குடியிருக்காத தீவு என்கிறீர்கள். அப்படியென்றால் அதற்கு வரலாறு என்று என்ன இருக்கப்போகிறது? ஒரு சர்க்கரை ஆலையின் கதை, அவ்வளவுதானே? பவளப்பாறையின் கதையை மட்டும் விரிவாக எழுதியிருக்கலாம். தீவு நகர்கிறது என்று ஒரு வரி வந்ததே, அது எப்படி? அங்கே போய்ப் பார்க்க முடியுமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், நகர்கிறது. ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் நியூகினி அருகே எரிமலைத் தீவாகப் பிறந்தது அது. எரிமலை கடலுக்குள் அமிழ அமிழ, அதன் மேல் பவளம் வளர்ந்துகொண்டே வந்தது. பக்கத்துத் தீவான கித்தா தைத்தோவில் 1934-லும் 1936-லும் துளை போட்டுப் பார்த்தார்கள். 431 மீட்டர் இறங்கியும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை, முழுக்கச் சுண்ணாம்புக்கல். அடியில் இருக்கும் பூமியின் மேலோட்டுத் துண்டான பிலிப்பைன் கடல் தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடமேற்கே நகர்கிறது. தீவும் அதோடு மேற்கே இருக்கும் ஒகினாவா பெருந்தீவின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. தட்டு ரியூக்யு அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தில் சரிந்து இறங்குவதற்கு முன் சற்றுப் புடைக்கிறது. அந்தப் புடைப்புதான் பவளத்திட்டைக் கடலுக்கு மேலே தூக்கி நிறுத்தியது.

அப்படித் தூக்கியதால் வந்த வடிவத்தைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் அலை உடைந்த பவள வளையம் இன்று தீவைச் சுற்றிலும் உயர்ந்த விளிம்பு. உள்ளே காயலாக இருந்த இடம் தாழ்ந்த சமவெளி. கரும்பு வயல்களும் நன்னீர்க் குளங்களும் அங்கேதான் இருக்கின்றன. வெளிப்பக்கம் செங்குத்தான பாறை. மணற்கரை கிடையாது. இன்றும் கப்பல் துறையை ஒட்டி நிற்பதில்லை. சற்றுத் தள்ளிக் கயிறுகளால் இழுத்துக் கட்டிவிட்டு, பயணிகளை இரும்புக் கூண்டில் ஏற்றிக் கிரேனால் தூக்கிக் கரையில் இறக்குகிறார்கள்.

வரலாறு என்ன இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு இந்தப் பாறைச் சுவரிலிருந்தே பதில் சொல்ல முடியும். அதனால்தான் 1900 ஜனவரி வரை யாரும் குடியேறவில்லை. தமாவோகி ஹன்எமோன் என்ற தொழிலதிபர் அனுப்பிய ஹச்சிஜோ தீவுக்காரர்கள் (டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் தீவு அது) 23 பேர்தான் முதலில் ஏறினார்கள். (இதே தமாவோகி அதற்கு முன் தோரிஷிமா தீவில் இறகுக்காக ஆல்பட்ராஸ் பறவைகளைக் கொன்று குவித்துப் பணம் பார்த்தவர். அதை மறந்துவிட்டு அவரை முன்னோடி என்று மட்டும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.) காட்டை அழித்துக் கரும்பு நட்டார்கள். வெட்டுக் கூலிக்கு ஒகினாவாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஹச்சிஜோக்காரர்களுக்குக் கீழேதான் வைக்கப்பட்டார்கள். தமாவோகிக்குப் பின் தீவு சர்க்கரை நிறுவனங்களுக்குக் கைமாறியது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை எல்லாம் நிறுவனத்துடையவை. ஒரு காலத்தில் நிறுவனத்தின் சீட்டுதான் பணமாகவே புழங்கியது. கிராம நிர்வாகம் என்று ஒன்று வந்ததே 1946-ல்தான். அதுவரை, பிடிக்கவில்லை என்றால் கிளம்பிப் போகலாமே என்பதெல்லாம் அங்கே வெறும் பேச்சு. கப்பல் நிறுவனத்துடையது, கரையோ அந்தப் பாறை.

முப்பது ஆண்டு உழுதால் நிலம் உங்களுக்கே என்று தமாவோகி வாய்மொழியாகச் சொல்லியிருந்தாராம். முப்பது ஆண்டு போனது, போர் வந்தது, அமெரிக்க ஆட்சியும் வந்தது. பத்திரம் மட்டும் வரவில்லை. விவசாயிகள் விடாமல் போராடி 1964-ல்தான் நிலத்தைத் தங்கள் பெயருக்கு வாங்கினார்கள். எழுத்தில் இல்லாத ஒரு வாக்கை இரண்டு தலைமுறை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைச் சர்க்கரை ஆலையின் கதை என்று ஒதுக்க என்னால் முடியாது.

அப்புறம், போவது பற்றி. ஒகினாவாவின் தலைநகரான நாஹாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் முடிந்தால் கப்பலில் போங்கள். இரவு முழுக்கப் பயணம். அலையைப் பொறுத்துத் தேதி மாறும் என்பதால் கையில் நாலைந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் தைத்தோ கோயில் திருவிழா. ஹச்சிஜோக்காரர்கள் கொண்டுவந்த சுமோவையும் ஒகினாவா மல்யுத்தத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் அது புயல் மாதமும்கூட.

அன்புடன்,
ஆசிரியர்