தியேட்டரை இடித்தார்கள், கடை வரவில்லை: சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: வட சென்னையில் எங்கள் தெருமுனையில் இருந்த தியேட்டரின் முகப்புக் கடையில் என் தந்தையார் வாடகைக்குப் பலகார வியாபாரம் செய்துவந்தார். அவருக்குப் பின் நான் நடத்தினேன். ஊரடங்குக்குப் பிறகு தியேட்டர் திறக்கப்படவே இல்லை. இடத்தின் உரிமையாளரும் ஒரு பில்டரும் கூட்டாகச் சேர்ந்து, கீழே கடைகள், நடுவில் இரண்டு சிறிய திரையரங்குகள், மேலே அடுக்குமாடி வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னார்கள். 120 சதுர அடிக் கடை ஒன்றை 30 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகவும், இரண்டு ஆண்டுகளில் வேலையை முடிப்பதாகவும் பில்டரின் லெட்டர்பேடில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். வங்கி மூலம் 5 லட்சமும் ரொக்கமாக 1 லட்சமும் கொடுத்துவிட்டு, 2022 மார்ச்சில் கடையைக் காலி செய்தேன். கட்டடத்தை இடித்து, அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டியதோடு வேலை நின்றுவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. சுற்றுச்சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. என் பணத்தையோ கடையையோ எப்படிப் பெறுவது? தியேட்டரைக் கட்டித் தரும்படி கேட்க எங்கள் பகுதி மக்களுக்கு உரிமை உண்டா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். தியேட்டரைத் திரும்பக் கட்டித் தரும்படி வழக்குத் தொடுக்க, படம் பார்த்துப் பழகிய ஊர்மக்களுக்கு நேரடியான சட்ட உரிமை எதுவும் இல்லை. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்கீழ் வந்த 1957ஆம் ஆண்டு விதிகளும், உரிமம் பெற்றவர் அரங்கை எப்படி நடத்த வேண்டும் என்று விதிக்கின்றனவே தவிர, நடத்தியே தீர வேண்டும் என்று எந்த உரிமையாளரையும் கட்டாயப்படுத்துவதில்லை. படம் திரையிடுவதற்கான ‘சி’ படிவ உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் அந்த அத்தியாயம் அதோடு முடிந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இலும் பெரம்பூர் பிருந்தா 2025இலும் மூடப்பட்டபோது வட சென்னையே மனம் கலங்கியது. ஆனால் அந்த முடிவுகளைத் தடுத்து நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, டி.எச். ரோட்டை ஒட்டிய பெரிய மனைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒற்றைத் திரை அரங்கின் வசூலைவிட நிலத்தின் விலையே பெரிதாகத் தெரிவது இயல்புதான். அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். இடித்துவிட்டு, ஏழெட்டுக் குடும்பங்களின் பிழைப்பையும் பறித்துவிட்டு, பள்ளத்தோடு விட்டுப்போவதுதான் பொறுக்க முடியாதது. அதற்குச் சட்டத்தில் பதில் உண்டு.

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய நகலை நிதானமாகப் படித்தேன். அதில் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: “தங்களின் பழைய கடைக்கான அட்வான்ஸ் தொகை, புதிய கடையின் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்.” எழுதியவர்கள் இந்த வரியைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். உங்கள் வழக்கோ இதன்மீதுதான் நிற்கப்போகிறது. கிரயம் என்று எழுதியதாலும், சதுர அடி அளவையும் மொத்த விலையையும் குறிப்பிட்டதாலும், இது வாடகைக்கு விடுவதாகச் சொன்ன வாக்கு அல்ல, விற்பதாகச் சொன்ன வாக்கு என்பது உறுதியாகிறது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது எல்லோரும் ரெரா என்று சொல்லும் சட்டம், வாடகைக்கு இடம் பெறுபவரை ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. விலைக்குக் கடை வாங்குபவரையோ வீடு வாங்குபவருக்குச் சமமாக உள்ளே சேர்த்துக்கொள்கிறது. பழைய அட்வான்ஸ் உரிமையாளர் கையில் இருந்தது; அதைக் கழித்துக்கொள்வதாக அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். எனவே, “பில்டர் வாங்கிய பணத்துக்கு நான் பொறுப்பில்லை” என்று அவர் விலகிக்கொள்வது எளிதல்ல. கட்டுபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால் இருவருமே ‘புரமோட்டர்’ என்று கருதப்பட்டு, கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவிலேயே உள்ளது. ஆகவே புகாரில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரை விட்டுவிடவே கூடாது.

வாடகைதாரர் என்ற முறையில் உங்களுக்கு இருந்த உரிமையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், இடித்துக் கட்டுவதாகச் சொல்லிக் காலி செய்ய வைத்த உரிமையாளர் குறித்த காலத்தில் வேலையைத் தொடங்காவிட்டால், வாடகைதாரர் மீண்டும் இடத்தைக் கேட்கலாம் என்ற பாதுகாப்பு இருந்தது. சந்தைக்கடையில் மூத்த வியாபாரிகள் இன்றும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டது. இடித்துக் கட்டிய பிறகு மீண்டும் குடியேறுவது இருதரப்பும் ஒப்புக்கொண்டால்தான் என்ற நிலை இப்போது. நீங்களே சாவியை ஒப்படைத்தும்விட்டீர்கள். எனவே அந்த வழியில் காலத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்து, ரெரா பதிவு. மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேலோ, மொத்தம் எட்டு அலகுகளுக்கு மேலோ இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விற்கவோ முன்பணம் வாங்கவோ கூடாது. ஒரு தியேட்டர் நின்ற இடம் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பில்டரின் பெயரிலும் பகுதியின் பெயரிலும் தேடிப் பாருங்கள். பதிவு இருந்தால், முடிக்க வேண்டிய தேதியும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் அங்கேயே கிடைக்கும். பதிவு இல்லையென்றால் உங்கள் புகார் பலவீனமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பதிவு செய்யாததே தனிக் குற்றம், அதற்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. 30 லட்சத்துக்கு 3 லட்சம்தான் எல்லை. உங்களிடம் வாங்கியது 6 லட்சம். “பதிவு செய்த ஒப்பந்தம் இல்லையே” என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், அந்தக் கடமையில் தவறியது அவர்கள்தான் என்பதே உங்கள் பதில்.

ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சத்துக்கு ரசீது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பில்டரின் மேலாளர் “மொத்தம் ஆறு வந்துவிட்டது” என்று அனுப்பிய செய்தியை அழித்துவிடாதீர்கள், கைப்பேசியை மாற்றிவிடவும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் அந்தச் செய்தி ஆவணமாக ஏற்கப்படும். ரொக்கத்தைச் சொன்னால் வருமானவரித் துறையில் நமக்குச் சிக்கல் வருமோ என்று தயங்குகிறீர்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குபவருக்குத்தான் வருமானவரிச் சட்டப்படி அபராதம். உழைத்துச் சேர்த்த பணம் என்று உங்கள் கணக்கில் காட்ட முடிந்தால் அச்சம் தேவையில்லை.

இப்போது நீங்களே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உள்ளது. 18ஆம் பிரிவின்படி, குறித்த தேதியில் கடையை ஒப்படைக்காவிட்டால், திட்டத்திலிருந்து விலகி முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். அல்லது விலகாமல் இருந்து, ஒப்படைக்கும் நாள் வரை மாதந்தோறும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி வட்டி, பாரத ஸ்டேட் வங்கி கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமைக்கு எந்த நிபந்தனையும் கிடையாது என்று 2021 நவம்பரில் நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிதி நெருக்கடி, வங்கிக் கடன் வராதது போன்ற காரணங்களை உங்கள்முன் வைக்க முடியாது.

தியேட்டர் திரும்ப வருவதற்கு மறைமுகமாக ஒரு வழி இருப்பது விலகாமல் இருப்பவர்களுக்குத்தான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இரண்டு திரையரங்குகள் காட்டப்பட்டிருந்தால், ஒதுக்கீடு பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அதை மாற்றக் கூடாது என்று 14ஆம் பிரிவு தடுக்கிறது. அதாவது ரசிகர்களாகக் கேட்க முடியாததை, கடையும் வீடும் முன்பதிவு செய்தவர்களாக நீங்கள் கேட்க முடியும். பதிவுக் காலம் முடிந்து வேலை நடக்காமல் கிடந்தால், மீதி வேலையை முடிக்கும் முதல் வாய்ப்பை ஒதுக்கீடு பெற்றவர்களின் சங்கத்துக்கே சட்டம் கொடுக்கிறது. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டு விலகிவிட்டால் இந்த உரிமைகள் உங்கள் கையை விட்டுப் போய்விடும். என் கருத்தைக் கேட்டால், அஸ்திவாரம்கூட எழும்பாத நிலையில், வேறு வருமானம் இல்லாத ஒரு சிறு வியாபாரி பணத்தைக் கேட்பதே உசிதம். வசதியுள்ள முன்பதிவாளர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து, தியேட்டர் இடம்பெற்ற அதே வரைபடத்தில் உறுதியாக நின்றால், அவர்களுக்கு நீங்கள் சாட்சியாக உதவலாம்.

வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அதே வேளையில் அந்த மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கிக்கு அடமானம் வைக்கப்பட்டிருந்தால் அதிலேயே தெரியும்.

பணத்தையும் வட்டியையும் கேட்டுப் படிவம் ‘எம்’மில் ஆணையத்திடமும், பிழைப்பு இழந்ததற்கான இழப்பீட்டைத் தனியாகப் படிவம் ‘என்’னில் தீர்ப்பு அலுவலரிடமும் மனு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்துவிட்டால் காலம் வீணாகும். அதற்கு முன் இருவருக்கும் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் கேட்கும் உரிமையியல் வழக்குகளுக்கு மூன்று ஆண்டுகளே காலவரம்பு. கடிதத்தில் சொன்ன இரண்டு ஆண்டுகள் 2024 மார்ச்சில் முடிந்ததால், மிகப் பாதுகாப்பாகக் கணக்கிட்டாலும் 2027 மார்ச்சுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். “பொங்கலுக்குள் தருகிறேன்” என்ற வாய்ப்பேச்சு காலவரம்பை நீட்டிக்காது. காலவரம்பு முடிவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே நீளும்.

உத்தரவு கிடைப்பதைவிடப் பணம் கைக்கு வருவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்தரவுப்படி கொடுக்காவிட்டால், நிலவரி பாக்கியைப்போல் மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். அதற்கு வட்டாட்சியர் அலுவலகம் வரை நீங்களே விடாமல் பின்தொடர வேண்டியிருக்கும். இங்கேதான் நில உரிமையாளரையும் சேர்த்ததன் பயன் தெரியும். பில்டரின் நிறுவனத்தில் ஒன்றும் இல்லாமல் போனாலும் நிலம் அங்கேயே இருக்கும். நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் நியமிக்கும் அலுவலரிடம் குறித்த நாளுக்குள் உரிமைக்கோரிக்கை தாக்கல் செய்யத் தவறாதீர்கள். முன்பதிவு செய்தவர்கள் நிறுவனத்துக்கு நிதிக் கடன் கொடுத்தவர்களாகவே கருதப்படுவார்கள்.

பள்ளத்தையும் சுவரையும் பொறுத்தவரை, ரெராவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இது உயிர் சம்பந்தப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அந்தச் சுவரை ஒட்டியே நடந்துவருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேதி தெரியும் புகைப்படங்களோடு மண்டல அலுவலரிடம் நேரில் மனு கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாவது 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி தனியான தொல்லை. அதை மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். நடவடிக்கை இல்லையென்றால், 2023ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரிடம் மனு செய்யலாம். பழைய சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. விழும் நிலையிலுள்ள கட்டுமானத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ, பொதுவழியை ஒட்டிய பள்ளத்துக்கு வேலி போடவோ உரிமையாளருக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. இதற்குக் கடை வைத்திருந்தவராகவோ முன்பதிவு செய்தவராகவோ இருக்கத் தேவையில்லை; தெருவில் குடியிருக்கும் எவரும் போகலாம். அதற்கும் அசையாவிட்டால், உங்களில் இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவின்கீழ் மாநகர உரிமையியல் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை வழக்குத் தொடுக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், குறிப்பாகப் பெண்களும் பட்டியல் இனத்தவரும், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். இந்த இரு பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்கப்படாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே நடுவரிடம் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.