சிக்னல் போகவில்லை, வேகம்தான் போனது

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஃபோம் ரிமோட் விமானம், ஐந்தாவது முறை பறக்கவிட்டபோது விழுந்து உடைந்துவிட்டது. தரையிறக்கத் திருப்பினேன். பின்காற்றில் மிக வேகமாகப் போவதுபோல் தெரிந்ததால், மோட்டார் வேகத்தை மாற்றும் த்ராட்டிலைக் குறைத்தேன். சட்டென்று இடது இறக்கை சரிந்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் முழுதாகத் தள்ளியும் கேட்கவில்லை. விழுந்த பிறகும், நான் த்ராட்டிலை முழுக்க இறக்கும்வரை மோட்டார் உறுமியது. சிக்னல் கட்டாகிவிட்டதா? ரிமோட்டை மாற்றலாமா?

பதில்: தம்பி, ரிமோட்டை மாற்றாதீர்கள். காசு மிச்சம். விழுந்த பிறகும் த்ராட்டிலை இறக்கியதும் மோட்டார் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கடைசிவரை விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் உங்கள் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நடந்தது ஸ்டால், அதாவது வேகம் போதாமல் இறக்கை தாங்கும் சக்தியை இழப்பது. பின்காற்றில் போகும் விமானம் தரையை வைத்துப் பார்த்தால் மிக வேகமாகப் போவதுபோல் தெரியும். ஆனால் இறக்கைக்குத் தரையோடு கணக்கில்லை, தன்மேல் ஓடும் காற்றோடுதான் கணக்கு. நீங்கள் த்ராட்டிலைக் குறைத்தீர்கள். திருப்பும்போது உயரம் குறையாமலிருக்க எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இழுத்திருப்பீர்கள். இடது இறக்கை தாங்கும் சக்தியை இழந்தது. அப்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் இடது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) கீழே இறங்கும், அந்த இறக்கை இன்னும் மோசமாக ஸ்டால் ஆகும். 'கேட்கவில்லை' என்று உங்களுக்குத் தோன்றியது இதனால்தான். முதலில் எலிவேட்டரை விட்டு மூக்கைத் தாழ்த்துங்கள், த்ராட்டிலைக் கூட்டுங்கள், வேகம் வந்த பிறகு இறக்கையை நிமிர்த்துங்கள். கை பதறும் நேரத்தில் மூக்கைத் தாழ்த்த மனசே வராது. அதனால்தான் பழக வேண்டும்.

இனி எது விழுந்தாலும் ஓடிப்போய் அள்ளாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, கடைசி ஐந்து வினாடி கட்டைவிரல்கள் என்ன செய்தன என்று சொல்லிப் பாருங்கள். நடந்து போய்ச் சேர்வதற்குள் மனசு வேறு கதை கட்டிவிடும். அப்புறம் கிடந்த கோலத்தையே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றுங்கள். லிப்போ பேட்டரி உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ வீட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். வெளியே மணலில் வையுங்கள். அடிபட்டது நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோ ஒவ்வொன்றையும் ரிமோட்டால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நகர்த்துங்கள். நடுவில் ஓரிடத்தில் துள்ளினால் உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கிறது. மயிரிழை கீறல் விழுந்த ப்ரொப்பெல்லரையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டாதீர்கள்.

ஒட்டும் விஷயத்தில் நானே அடி வாங்கியிருக்கிறேன். ஒருமுறை முறிந்த வாலில் தாராளமாக எபாக்ஸிப் பசையைப் பூசினேன். பார்க்க இரும்பு மாதிரி இருந்தது. கையிலிருந்து விட்டதும் மூக்கை நேராக வானத்துக்குத் தூக்கி, அப்படியே மல்லாந்து என் காலடியில் விழுந்தது. வாலில் ஏறிய கொஞ்ச எடை, சமநிலைப் புள்ளியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஒட்டிக் காய்ந்ததும் பேட்டரியையும் வைத்து, இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனியால் தூக்கிப் பாருங்கள். உங்கள் விமானத்தின் கையேட்டில் போட்டிருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். கையேடு இல்லையென்றால், சாதாரண நேர் இறக்கைக்கு முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு, 20 செ.மீ. அகல இறக்கை என்றால் 5 செ.மீ. வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள்.

சரி, அடுத்த முறை இறங்குவதை மறந்துவிடுங்கள். மூன்று தென்னை மர உயரத்துக்குக் கொண்டுபோய், எதிர்காற்றில் த்ராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல இழுத்து, வேண்டுமென்றே ஸ்டால் செய்யுங்கள். எந்த இறக்கை முதலில் சாய்கிறது, அதற்குமுன் விமானம் எப்படித் தளர்ந்து ஆடுகிறது என்று பாருங்கள். உடனே மீளுங்கள். ஒரு பேட்டரி முழுக்க இதையே செய்யுங்கள்.