கடன் வாங்குவதற்கு முன்: கல்லூரி செல்லும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான துணைக்கருவிகள் (கேள்வி-பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘எதை வாங்குவது’ என்றே தொடங்குகின்றன. பிள்ளை எந்த வேலையில் தடைப்படுகிறார் என்பதை முதலில் கவனித்துவிட்டால், வாங்க வேண்டியது மிகக் குறைவு என்பது பல வீடுகளில் தெரியவரும். கீழே உள்ள பதில்களை அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

மகளுக்குப் பார்வை அறவே இல்லை. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. கணினித் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் என்கிறார்கள். கடன் எடுக்கலாமா? (செம்பனைத் தோட்டத் தொழிலாளி)

கடன் எடுக்க வேண்டாம், ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது ‘ஜாஸ்’ போன்ற கட்டண மென்பொருளாக இருக்க வேண்டும். அது நல்ல மென்பொருள்தான். ஆனால் ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் அதை உருவாக்கத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள் என்பதால், பயன்படுத்துபவரின் தேவை அறிந்து செய்யப்பட்ட கருவி அது. விண்டோஸ் உள்ள பழைய மடிக்கணினியிலும் இயங்கும். ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை என்பது தோட்டப்புற வீடுகளுக்குப் பெரிய வசதி. விரலிச் சேமிப்பியில் (பென் டிரைவ்) ஒரு நகலை வைத்துக்கொண்டால், கல்லூரிக் கணினிக்கூடத்தில் எதையும் நிறுவாமலேயே அதை அங்கிருந்து இயக்கலாம். கணினிக்கூடப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது.

நம் நாட்டு மாணவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. பாடக்குறிப்பில் மலாயும் ஆங்கிலமும் கலந்திருக்கும். ஆங்கிலக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மலாய் வாக்கியத்தைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. ‘ச்சுக்குப்’ என்று வர வேண்டிய சொல் ‘கியூக்கப்’ என்று வரும். விண்டோஸின் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குச் சென்று, பேச்சு என்பதன் கீழ் மலாய்க் குரலையும் தமிழ்க் குரலையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு என்விடிஏவில் இன்சர்ட், கண்ட்ரோல் விசைகளை அழுத்தியபடி இட, வல அம்புக்குறிகளால் குரல் என்ற தேர்வுக்கு வந்து, மேல், கீழ் அம்புக்குறிகளால் குரலை மாற்றலாம். வகுப்பு தொடங்கிய பின் இதைக் கற்றுக்கொள்வது பெரும் சுமை. ஆகவே கடனுக்கு எண்ணியிருந்த அக்கறையை, கல்லூரி திறப்பதற்கு முன் உள்ள வாரங்களில் மகளின் தினசரிப் பயிற்சிக்குத் திருப்புங்கள். நேரில் பயிற்சி வேண்டுமென்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையும், பினாங்கின் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தையும் விசாரிக்கலாம்.

திரைவாசிப்பான் ஆங்கிலக் கட்டுரைகளைச் சரியாக வாசிக்கிறது. தமிழ் இலக்கியக் குறிப்புகளைத் திறந்தால் சிலவற்றில் மௌனம், சிலவற்றில் உளறல். மென்பொருள் கெட்டுவிட்டதா? (பல்கலைக்கழக மாணவி)

மென்பொருளில் பழுதில்லை, குறிப்புகளில்தான் இரண்டு வெவ்வேறு குறைகள் உள்ளன. மௌனமாக இருப்பது, புத்தகப் பக்கத்தைப் படமாக எடுத்துச் சேமித்த கோப்பு. அதில் எழுத்தே இல்லை. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்துகள் உரையாக மாறும். பக்கம் நேராகவும் தெளிவாகவும் இருந்தால் பிழைகள் குறையும். மங்கிய நகலென்றால் ண, ன போன்றவை இடம் மாறும் என்பதால், செய்யுள் வரிகளை மட்டும் ஒரு தோழியுடன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உளறுவது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே கணினி வைத்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தாம். திரைவாசிப்பான் அவற்றை அப்படியே ஒப்பிக்கிறது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு கோப்பையும் நீங்களே மாற்றிக்கொண்டிருப்பது நியாயமில்லை. விரிவுரையாளரிடம் யூனிகோடில் தரும்படி கேளுங்கள். ‘முரசு அஞ்சல்’ என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நாட்டில் அது பெரிய கோரிக்கை அன்று. பாடநூல்களைப் பொறுத்தவரை, அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்கு ஏற்ற வடிவில் படியெடுப்பதை எளிதாக்கும் மராக்கேஷ் ஒப்பந்தத்தில் மலேசியா 2022-இல் இணைந்திருப்பதை நூலகரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

காதுக் கருவி அணிந்திருக்கிறேன். வீட்டில் நன்றாகக் கேட்கிறது. விரிவுரை மண்டபத்தில் பாதி போய்விடுகிறது. விலை கூடிய கருவிக்கு மாற வேண்டுமா? (டிப்ளோமா மாணவர்)

அவசரப்பட வேண்டாம். காதுக் கருவியைச் சரிபார்க்க ஒருமுறை செவித்திறன் நிபுணரிடம் காட்டுங்கள். அது சரியாக இருந்தால், உங்களுக்கு எதிரி தூரம்தான். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள தூரம் இரு மடங்கானால் திறந்தவெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். மண்டபத்திலோ எதிரொலியும் காற்றாடிச் சத்தமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பின்வரிசையில் இருந்து இதை முழுமையாக வெல்ல இயலாது. ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாயருகே கொண்டுபோவதே தீர்வு.

சட்டைக் கழுத்தில் மாட்டும் சிறிய கம்பியில்லா ஒலிவாங்கிகள் நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கின்றன. அதன் பெறுவியை உங்கள் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் செருகி, கூகுள் 2019-இல் வெளியிட்ட ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலியைத் திறந்தால், விரிவுரையாளர் பேசுவது எழுத்தாக உங்கள் மேசையில் ஓடும். இரண்டு மொழிகளைத் தேர்ந்து வைத்து, பேச்சு மாறும்போது ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே வாக்கியத்தில் மலாயும் ஆங்கிலமும் கலந்தால் தடுமாறும். கலைச்சொற்களிலும் பிழை வரும். அதனால் வகுப்புக்கு முன்பே விரிவுரைப் படவில்லைகளை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இணையம் சீராக உள்ள இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். ஒலிவாங்கியை அணியும்படி விரிவுரையாளரிடம் கேட்கத் தயங்கும் மாணவர்களே அதிகம். முதல் வாரத்திலேயே, வகுப்புக்கு வெளியே, கருவியைக் கையில் கொடுத்துக் காட்டிக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மகனுக்குக் கை நடுக்கம். பேனாவும் நிற்பதில்லை, தட்டச்சிலும் ஓர் எழுத்து மூன்றாக விழுகிறது. தனி விசைப்பலகை வாங்க வேண்டுமா? (ஒரு தாயார்)

இப்போது வேண்டாம், அம்மா. விண்டோஸின் அணுகல்தன்மை அமைப்பில் உள்ள ‘ஃபில்டர் கீஸ்’ வசதி, தவறி மீண்டும் விழும் அழுத்தங்களைப் புறக்கணிக்கும். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் வரும் ‘ஸ்டிக்கி கீஸ்’, இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக அழுத்த உதவும். நீண்ட கட்டுரைகளைக் கூகுள் டாக்ஸில் வாயால் சொல்லியே எழுதலாம்; மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் அந்த வசதி உண்டு.

பேனாவுக்கு, குளிர்சாதனக் குழாயின் மேல் போர்த்தும் கறுப்பு நுரைக்குழாயில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கேளுங்கள். இரும்புச் சாமான் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். பேனாவை அதன் துளைக்குள் நுழைத்தால் பிடி தடித்து, விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். துளை அகலமாக இருந்தால் பேனாவில் கொஞ்சம் ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். இவற்றுக்குப் பிறகும் தடை இருந்தால் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டி, அவர் சொல்லும் விசைப்பலகையை வாங்கலாம். தேர்வில் கூடுதல் நேரமும் கணினியும் வேண்டுமென்பதைத் தவணைத் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். தேர்வு வாரத்தில் கேட்டால் கிடைப்பது கடினம்.

வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு எழுத்துரு பலன் தருமா?

சிலருக்குப் பிடிக்கிறது, உறுதியான ஆய்வு ஆதரவு இல்லை. காசு கொடுத்து வாங்காதீர்கள். வேர்டிலும் எட்ஜ் உலாவியிலும் உள்ள ‘இம்மர்சிவ் ரீடர்’ வரி இடைவெளியை அகலமாக்கி, உரக்கவும் வாசிக்கும். அதை முதலில் முயலுங்கள்.

ஓகேயு (மாற்றுத்திறனாளி) பதிவு அட்டை எடுத்தால் பிள்ளையின் பெயரில் முத்திரை விழும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா? (பால்மரத் தோட்டத்திலிருந்து ஒரு தந்தையார்)

எடுங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும், அது இல்லாமல் பல கதவுகள் திறப்பதில்லை. உயர்கல்வி அமைச்சு ஓகேயு மாணவர்களுக்கு வழங்கும் நிதியுதவிக்கும், சமூகநல இலாகாவின் செயற்கை உறுப்பு மற்றும் துணைக்கருவி உதவிக்கும் அந்தப் பதிவே அடிப்படை. துணைக்கருவி உதவிக்கு விண்ணப்பிப்பதென்றால், பொருளை வாங்கிவிட்டுப் போகாதீர்கள். மருத்துவரின் உறுதிப்பாட்டுடனும் கடையின் விலைக்குறிப்புடனும் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு முதலில் செல்லுங்கள். வீட்டில் யாராவது வருமான வரி செலுத்துபவராக இருந்தால், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாங்கும் அடிப்படைத் துணைக்கருவிகளுக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. மூக்குக்கண்ணாடி அதில் சேராது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அட்டையை யாரிடம் காட்டுவது என்பதை உங்கள் பிள்ளையே முடிவு செய்யலாம். உறவினர்கள் யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.