மருதாணி எப்போது வைக்கலாம்?

கேள்வி: லாகூரில் என் தோழிக்குக் கல்யாணம். மாயூன் (மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசுவது), மெஹந்தி (மருதாணி விழா), பராத் (மாப்பிள்ளை ஊர்வலம் வரும் கல்யாண நாள்), வலீமா (மாப்பிள்ளை வீட்டு விருந்து) என்று வரிசையாகச் சடங்குகள். அலங்காரத்தை எப்படித் திட்டமிடுவது?

பதில்: மருதாணியைப் பராத்துக்கு இரண்டு நாள் முன்பே வைத்துவிடட்டும். 6 முதல் 8 மணி நேரம் விட்டு, தண்ணீர் படாமல் சுரண்டி எடுக்க வேண்டும். நிறம் முழுதாக ஏற 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அவசரத்துக்குக் 'கறுப்பு மருதாணி' வேண்டவே வேண்டாம். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனம் கொப்புளம் கிளப்பும். ஃபேஷியலை ஒரு வாரம் முன்பே முடிக்கட்டும். மாயூனில் பூசும் உப்டன் என்ற பூச்சின் மஞ்சள் முகத்தில் தங்கினால், ஒப்பனை ஒத்திகையில் பொருந்திய ஃபவுண்டேஷன்கூட வெளிறித் தெரியும். பராத் அன்று தாடையோரம் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். ஜரிகை துப்பட்டா நல்ல கனம். கொண்டையில் பின் குத்தாமல் முன்முடியில் குத்தினால், தலையின் பக்கவாட்டில் அணியும் ஜூமர் நகையும் சேர்ந்து சரியும். வலீமாவுக்கு வெளிர் நிறமே போதும்.