லேத் இருந்தது, ஆள் இல்லை

அன்புள்ள ஐயா,

மின்வெட்டுக் காலம் பற்றிய கட்டுரையில், அப்போது உற்பத்தி மட்டுமல்ல, உற்பத்தித் திறனே சுருங்கியது என்று எழுதியிருந்தீர்கள். கரண்ட் இல்லையென்றால் உற்பத்தி குறையும், சரி. ஆனால் இயந்திரம் அங்கேயேதானே இருக்கிறது? கரண்ட் வந்ததும் பழையபடி ஓட்டலாமே. போரோ வெள்ளமோ அழித்தாலொழியத் திறன் எப்படிச் சுருங்கும்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

என் சித்தப்பா கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருந்தார். நான்கு லேத், அதாவது இரும்பைக் கடையும் இயந்திரம். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. 2012இல் சென்னை தவிர்த்த ஊர்களில் பல நாட்கள் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் போட்டால் ஷாஃப்டில் வரும் கூலி டீசலுக்கே போய்விடும். லேத் ஓட்டும் டர்னர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிய நேரத்துக்குத்தான் சம்பளம், எத்தனை மாதம் உட்காருவார்கள்? அவர்களில் மூத்தவர், மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே, உளியிலிருந்து உதிரும் இரும்புச் சுருள் சூட்டில் நீலம் பாய்வதைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடுவார். அவர் ஆட்டோ ஓட்டப் போனார். கரண்ட் சீரானதும் சித்தப்பா போய்க் கூப்பிட்டார், வரவில்லை. புதுப் பையன் கடைந்தவை அளவு தப்பித் திரும்பி வந்தன. கடைசியில் இரண்டு லேத்தை எடைக்குப் போட்டார். வெள்ளம் எதுவும் வரவில்லை.

போரைச் சொன்னீர்கள். குண்டுவீச்சில் நகரங்கள் இடிந்த மேற்கு ஜெர்மனி 1950களில் எழுந்து ஓடியது. வீடுகள் இடிந்த அளவுக்கு அங்கே இயந்திரங்கள் அழியவில்லை. தொழில் தெரிந்தவர்களும் ஏராளமாக மிஞ்சியிருந்தார்கள்.

திறன் வளர்ந்த கதைக்கும் கோவையே போதும். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்து நூற்பாலைகள் பெருகியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கிணற்றடிக் கதை. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. அது மக்கர் செய்ய, ரிப்பேர் பட்டறைகள் வந்தன. பிரித்து மாட்டிப் பழகிய ஊரில் மோட்டாரையே செய்ய ஆரம்பித்தார்கள். ஜி.டி. நாயுடு தரப்பிலிருந்து மின்மோட்டார் வந்தது 1937இல். அப்புறம் வார்ப்பாலைகள், பம்ப்செட்டுகள். பிறகு இவர்களிடம் ஷாஃப்ட் ஆர்டர் வாங்கும் என் சித்தப்பா மாதிரி ஆட்கள்.

உங்கள் ஊரிலும் விசைத்தறிக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அந்த வருஷங்களில் தறியை எடைக்குப் போட்டவர் யாராவது அகப்படக்கூடும். அவரிடம் ஓட்டிய ஆட்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்.